சொதப்பும் பையனுக்காக நிற்கிற கோச் செய்யக் கூடாதவை

ஒவ்வொரு சீசனிலும் ஏதாவது ஒரு ஹாக்கி மைதானத்தின் ஓரத்தில் இதே காட்சியைப் பார்க்கிறேன். ஃபார்ம் போன ஒரு பையன், அவனை விட்டுக்கொடுக்காத ஒரு இளம் கோச், பின்னால் முணுமுணுக்கும் ஒரு டீம். விட்டுக்கொடுக்காததில் தப்பே இல்லை. பதினாறு பதினேழு வயதில் ஆட்டம் ஏறுவதும் இறங்குவதும் சகஜம்தான், மூன்று மேட்ச் சரியில்லை என்று ஒருவனைத் தூக்கிப் போடுகிறவருக்கு அந்த வேலை எதற்கு? ஆனால் அந்த நம்பிக்கையைக் காட்டும் விதத்தில், நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் சறுக்கிய அதே இடங்களில் இவர்களும் வரிசையாகச் சறுக்குகிறார்கள். எல்லார் முன்னாலும் திட்டாதே, அடுத்தவனோடு ஒப்பிடாதே என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

காரணம் தேடாமல் காத்திருப்பது

"சரியாகிவிடும், டைம் கொடுப்போம்" என்று சொல்வதற்கு முன் அவன் கையில் இருக்கும் ஸ்டிக்கைப் பாருங்கள். ஒரே வருஷத்தில் கிடுகிடுவென்று வளர்ந்த பையன் இன்னும் பழைய 36 இன்ச் ஸ்டிக்கையே பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருப்பான். அதிகமாகக் குனிய வேண்டியிருப்பதால் தலை நிமிராது, தலை நிமிராததால் எதிர்ப்பக்கம் காலியாக நிற்கிறவன் கண்ணில் படமாட்டான், பார்ப்பவர்கள் "இவனுக்கு விஷன் போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். இன்னொருவன், பந்தை ஸ்டிக்கில் இழுத்து கோலை நோக்கி வீசுகிற டிராக் ஃப்ளிக் ஆசையில் லோ போ ஸ்டிக் வாங்கியிருப்பான். வளைவு கீழே இறங்கியிருப்பதால், கை பழகும்வரை அவன் அடிக்கிற பந்து தரையை விட்டு எழும்பிக்கொண்டே இருக்கும். விதிப்படி வளைவு 25 மில்லிமீட்டர் வரை போகலாம், அதற்காக எல்லாரும் அந்த அளவுக்குப் போயாக வேண்டும் என்று இல்லை. ஸ்டிக்கில் கோளாறு இல்லையென்றால் தூக்கம், பரீட்சை, டீமில் இடம் போய்விடுமோ என்று வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் தொடைப் பிடிப்பு, இவற்றில் ஒன்று இருக்கும். கேட்டால் சொல்லமாட்டான், வார்ம்-அப்பில் அவன் ஓடுவதைப் பார்த்தால் தெரியும்.

கோல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது

ஃபார்வர்ட் என்றால் கோல் வரவில்லை என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கோலுக்கு முன்னால் இருக்கும் 'டி' என்கிற அரைவட்டத்துக்குள் எத்தனை முறை பந்தோடு போனான், அங்கே தடுக்கிறவர்கள் தப்பு செய்தால் கிடைக்கிற பெனால்டி கார்னர் எத்தனை வாங்கித் தந்தான் என்று எண்ணுங்கள். அவை குறையாமல் கோல் மட்டும் குறைந்தால் அது ஃபினிஷிங் கவலை. அவையே குறைந்தால் வேறு கதை.

ஒளித்து வைப்பது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிற தவறு, இதைத்தான் அதிகம் பேர் அன்பு என்று நினைத்துச் செய்கிறார்கள்.

கதை எப்போதும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும். நடு ஹாஃபில் ஆடுகிற பையன் பந்தை வாங்கும்போது தோளுக்குப் பின்னால் பார்க்க மறக்கிறான், திரும்பும் இடத்தில் பந்தைப் பறிகொடுக்கிறான், அதிலிருந்து இரண்டு கோல் போய்விடுகிறது. பெஞ்சில் உட்கார வைக்க கோச்சுக்கு மனசு வரவில்லை. நடுவிலும் வைக்க முடியாது. சரி, ரைட் விங்குக்குத் தள்ளிவிடலாம், அங்கே தப்பு செய்தாலும் கோல் போஸ்ட் தூரத்தில்தானே இருக்கிறது என்று ஒரு கணக்கு. பதினொரு பேரில் அவன் பெயர் இருக்கிறது, அவன் அப்பா அம்மாவுக்கும் திருப்தி, கோச்சுக்கும் தன் வார்த்தையைக் காப்பாற்றிய நிம்மதி.

அப்புறம் என்ன நடக்கிறது என்பதை ஒரு இளையோர் போட்டியில் பக்கத்தில் நின்று பார்த்தேன். ரைட் பேக் பந்தை நிறுத்துகிறான், தலையைத் தூக்கி விங்கில் நிற்கும் பையனைப் பார்க்கிறான், ஸ்டிக்கைத் திருப்பி இடப்பக்கம் தட்டிவிடுகிறான். திரும்பத் திரும்ப இதே. இரண்டாவது குவார்ட்டருக்குள் எதிரணி புரிந்துகொண்டது. அந்தப் பையனை மார்க் செய்வதையே விட்டுவிட்டு அவர்களுடைய லெஃப்ட் ஹாஃப் உள்ளே நகர்ந்து வந்தான், நடுவில் அவர்களுக்கு எப்போதும் ஓர் ஆள் கூடுதல். பையன் கையைத் தூக்கிப் பந்து கேட்பதை அரை நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட்டான்.

கடைசி குவார்ட்டர்தான் கொடுமை. பின்னால் ஓடிவந்து உதவப்போய் 'டி'க்குள் நின்றிருந்தான், பந்து அவன் அணியில் யாரோ ஒருவன் காலில் பட்டது, பெனால்டி கார்னர். கார்னரில் ஃப்ளிக் அடிப்பவனை நோக்கி ஓடித் தடுக்கிற இரண்டு ரஷர்களும் அந்த நேரம் பார்த்து பெஞ்சில். கோச் மாற்றக் கேட்டுக் கத்துகிறார், டேபிளில் இருந்தவர் தலையை ஆட்டிவிட்டார். பெனால்டி கார்னர் கொடுத்ததிலிருந்து அது முடியும்வரை ஆள் மாற்றக் கூடாது, கோல்கீப்பர் விஷயத்தில் மட்டும்தான் விலக்கு. கீப்பரோடு சேர்த்துத் தடுக்க ஐந்து பேர், அந்த ஐவரில் முதல் ரஷராக இவன் போய் நின்றான். விங்குக்குப் போனதிலிருந்து பயிற்சியில் யாரும் அவனைக் கார்னர் தடுக்கக் கூப்பிடவே இல்லை. ஃப்ளிக் அடிப்பவனை நோக்கி ஓட வேண்டிய கோட்டை விட்டு உள்பக்கமாக ஓடித் தன் கீப்பரின் பார்வையை மறைத்தான். பந்து மூலையில். எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள். "சீசன் முழுக்க இவனுக்காக நான் நின்றிருக்கிறேன்" என்று கோச் என்னிடம் அலுத்துக்கொண்டார். அவனை நிற்க வைத்தது உண்மைதான், எங்கே, எதற்கு என்பதைத்தான் யோசிக்கவில்லை.

ஹாக்கியில் இதற்கு அவசியமே கிடையாது என்பதுதான் என் ஆத்திரம். வெளியே எடுத்தால் திரும்ப அனுப்ப முடியாத விளையாட்டு என்றால் சரி, கோச்சுக்குத் தர்மசங்கடம் இருக்கும். இங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், எடுத்தவனையே மறுபடி இறக்கலாம். பதினைந்து நிமிட குவார்ட்டரில் அவனுக்கு நான்கு நிமிடம் கொடுங்கள், ஆனால் அவனுடைய சொந்த இடத்தில் கொடுங்கள். எதிரணி பந்தைப் பறிக்க நெருக்கி வருகிற முதல் பிரஸ் தணிந்த பிறகு இறக்குங்கள். "பந்து வருவதற்கு முன் இரண்டு தோளையும் திரும்பிப் பார், இன்று இது ஒன்றுதான் உன் வேலை" என்று சொல்லி அனுப்புங்கள். அதைச் செய்தானா இல்லையா என்று வெளியே வந்ததும் கேளுங்கள். நடுவில் நான்கு நிமிடம் உருப்படியாக ஆடுகிறவனுக்குப் பந்து வரும், விங்கில் அறுபது நிமிடம் தொலைந்து கிடக்கிறவனுக்கு வராது. அந்த நான்கு நிமிடத்திலும் டீம் பெனால்டி கார்னர் கொடுத்துத் தொலையலாம், அதனால் இந்த மாதிரிப் பையனுக்குக் கார்னர் தடுப்புப் பயிற்சியை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

கீழ் அணிக்கு அனுப்பினால் அவமானம் என்று நினைப்பது

இந்திய ஹாக்கி வீரர் ஹர்மன்பிரீத் சிங் 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார். அதே வருஷம் டிசம்பரில் லக்னோவில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையிலும் ஆடினார், இந்தியா அதை வென்றது. ஒலிம்பிக் ஆடியவர் ஜூனியர் அணியில் ஆடுவதா என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. அவரே 2024 பாரிஸில் கேப்டனாக 10 கோல் அடித்து அந்தப் போட்டியின் அதிக கோல் அடித்தவராக இருந்தார். உங்கள் பையனைச் சின்ன அணியோடு சில மேட்ச் ஆட அனுப்புவது தண்டனை இல்லை, அங்கே பந்து அவனிடம்தான் வரும். தண்டனை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னால் தண்டனையாகத்தான் போய்ச் சேரும்.

பெற்றோரிடம் வாக்குக் கொடுப்பது

கூடாது.

எதுவரை என்று சொல்லாமல் இருப்பது

"நீ கவலைப்படாதே, நீ டீமில் இருப்பாய்" என்பது கேட்க நன்றாக இருக்கும். எதற்காக இருப்பான், எதைச் சரிசெய்ய வேண்டும், எப்போது உட்கார்ந்து பேசப் போகிறோம் என்று ஒன்றுமே அதில் கிடையாது. நான்கு மேட்ச், இந்த ஒரு விஷயம், அதற்குப் பிறகு வீடியோவை வைத்துக்கொண்டு பேசலாம் என்று சொல்லுங்கள். அந்த நாள் வந்ததும் ஞாபகமாகப் பேசுங்கள், நிறையப் பேர் இங்கேதான் நழுவுகிறார்கள்.

பெஞ்சில் இருப்பவனை மறப்பது

இவனுக்காக அங்கே ஒருத்தன் காத்துக்கொண்டிருக்கிறான். அவனிடமும் போய் இதே விவரத்தைச் சொல்லுங்கள், மேட்ச் அன்று காலையில் இல்லை, முந்தின நாளே.