கணக்குப் போடும் முன் புள்ளிகளை வரைந்து பாருங்கள்

பொருளாதார அளவையியல் படிக்கும் மாணவர்கள் பலர், தரவு கைக்கு வந்ததும் தொடர்புப் போக்குச் சமன்பாட்டுக்கு, அதாவது தரவுக்குப் பொருந்தும் கோட்டைக் கணக்கிடும் ரிக்ரெஷனுக்கு, தாவிவிடுகிறார்கள். முதலில் எக்ஸ், ஒய் மதிப்புகளைப் புள்ளிகளாகக் காட்டும் சிதறல் வரைபடம் போடுங்கள். எக்செல்லில் இரண்டு நிமிட வேலைதான்.

1973இல் புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் நான்கு சிறு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்குக்கும் ஏறத்தாழ ஒரே விடை: கோட்டின் சாய்வு 0.5, வெட்டு (கோடு ஒய் அச்சைத் தொடும் இடம்) 3, ஆர் ஸ்கொயர் (ஒய்யின் மாறுபாட்டில் கோடு விளக்கும் பங்கு) 0.67. வரைந்தால்தான் உண்மை தெரியும். முதலாவதில் மட்டுமே நேர்கோடு பொருந்துகிறது. இரண்டாவது தெளிவான வளைகோடு. மூன்றாவதில் விலகி நிற்கும் ஒரு புள்ளி கோட்டையே சாய்த்துவிடுகிறது. எனக்கு மிகவும் அச்சமூட்டுவது நான்காவது: பத்துப் புள்ளிகளில் எக்ஸ் மதிப்பு 8, மீதி ஒன்றில் 19. அந்த ஒற்றைப் புள்ளி இல்லாவிட்டால் சாய்வைக் கணக்கிடவே முடியாது!

வளைவு தெரிந்தால் எக்ஸின் வர்க்கத்தையும் சமன்பாட்டில் சேர்த்துப் பாருங்கள். ஒரு புள்ளி மட்டும் தனித்து நின்றால், முதலில் தட்டச்சுப் பிழையா என்று பாருங்கள். பிழை இல்லையென்றால் சத்தமில்லாமல் நீக்கிவிடாதீர்கள். அதைச் சேர்த்தும் விட்டும் கணக்கிட்டு, இரண்டு விடைகளையும் அறிக்கையில் எழுதுங்கள்.