அன்டார்க்டிகா கப்பல் ட்ரிப் முடிஞ்சு சென்னை திரும்புறது எப்படி: கடைசி லேண்டிங்லேர்ந்து வீட்டு வாசல் வரைக்கும்

டிக்கெட் போடுற நாள்லேர்ந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா திரும்பி வர்ற பயணம் சொதப்புறது பெரும்பாலும் அங்கதான். அர்ஜென்டினாவோட தெற்கு ஓரத்துல இருக்கிற உஷுவாயாலேர்ந்து கிளம்புற கப்பல், திரும்பவும் அங்கேயே கொண்டுவந்து விடும், வழக்கமா காலைல டிஃபன் முடிஞ்ச கையோட எட்டு ஒம்பது மணிக்குள்ள இறக்கிடுவாங்க. அதைப் பாத்துட்டு அன்னைக்கே மத்தியானம் ப்யூனஸ் அயர்ஸ் ஃப்ளைட், அன்னைக்கு ராத்திரியே அங்கேர்ந்து இந்தியாவுக்குன்னு அடுக்கி புக் பண்ணாதீங்க ப்ளீஸ். நடுவுல டிரேக் பாசேஜ்னு ஒரு கடல் இருக்கு, கடக்கவே ரெண்டு நாள் ஆகும், காத்து ஜாஸ்தியானா கப்பல் மெதுவாதான் வரும், யாருக்காவது உடம்பு சரியில்லன்னா மொத்த ரூட்டே மாறும். அதனால கப்பல் இறங்குற நாளுக்கும் இந்தியா ஃப்ளைட்டுக்கும் நடுவுல ஒரு ராத்திரியாவது விடுங்க, முடிஞ்சா ரெண்டு. ஹோட்டல் காசு வீண்தானேன்னு தோணும், ஆனா கடைசி நிமிஷத்துல தென் அமெரிக்காலேர்ந்து சென்னைக்கு புதுசா ஒரு டிக்கெட் எடுக்கிற காசோட அதை வெச்சுப் பாருங்க.

இதுல இன்னொண்ணு, ப்யூனஸ் அயர்ஸ்ல ரெண்டு ஏர்போர்ட். ஊருக்குள்ள ஆத்தோரமா இருக்கிறது ஏரோபார்க்கே, பன்னாட்டு ஃப்ளைட் பெரும்பாலும் கிளம்புறது ஊருக்கு வெளிய இருக்கிற எசெய்சா. உஷுவாயா ஃப்ளைட் எதுல இறங்குதுன்னு புக் பண்றப்பவே பாத்துக்கோங்க, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு கார்ல போக சாதாரண நாள்லயே ஒரு மணி நேரம் கிட்ட ஆகும், பீக் அவர்ல இன்னும் கூட. சிலி பக்கம் புன்டா அரினாஸ்லேர்ந்து விமானத்துல போய் வர்ற ட்ரிப் எடுத்தவங்களுக்கு இன்னும் ரெண்டு நாள் கூட வேணும், ஏன்னா அன்டார்க்டிகா பக்கம் விமானம் இறங்குற கிங் ஜார்ஜ் தீவுல மூடுபனி இறங்கிட்டா விமானம் வராது, காத்துட்டே இருக்க வேண்டியதுதான்.

அடுத்தது யெல்லோ ஃபீவர் ஊசி, அதாவது கொசுவால பரவுற மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசி. அன்டார்க்டிகாவுக்கு எதுக்குன்னு நினைச்சு நிறைய பேர் விட்டுடுறாங்க, அங்க கொசுவே கிடையாதேன்னு. ஆனா விஷயம் திரும்பி வர்ற வழியில இருக்கு. நம்ம அரசாங்கத்தோட யெல்லோ ஃபீவர் லிஸ்ட்ல அர்ஜென்டினா இருக்கு, பிரேசில் இருக்கு, எத்தியோப்பியாவும் இருக்கு. சாவ் பாவ்லோ, அடிஸ் அபாபா வழியா வந்தாலும் சரி, ரியோ, துபாய் வழியா வந்தாலும் சரி, சர்டிஃபிகேட் இல்லாம இறங்கினா ஆறு நாள் வரைக்கும் தனிமைப்படுத்த சட்டத்துல இடம் இருக்கு, இந்திய பாஸ்போர்ட் வெச்சிருக்கவங்களுக்கும் அதே ரூல்தான். ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுதான் சர்டிஃபிகேட் செல்லும், அதுக்கப்புறம் ஆயுசுக்கும் போதும். சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க, போறதுக்கு முன்னாடி எந்த நாள், என்னென்ன பேப்பர்னு கேட்டுட்டு போங்க. 60 வயசு தாண்டின அப்பா அம்மாவை கூட்டிட்டு போறீங்கன்னா முதல்ல அவங்க டாக்டர்கிட்ட கேளுங்க, முட்டை அலர்ஜி இருக்கவங்களும் அப்படித்தான், இவங்களுக்கு இந்த ஊசி கொஞ்சம் யோசிச்சு போட வேண்டியது. சர்டிஃபிகேட்டா தர்ற அந்த மஞ்சள் கலர் புக்கை பாஸ்போர்ட்டோட சேத்து கைப்பையிலேயே வைங்க, பெரிய பெட்டியில போட்டுடாதீங்க.

இப்ப கப்பலுக்கு வரலாம். கடைசி லேண்டிங், அதாவது கப்பல்லேர்ந்து கரைக்குப் போய் இறங்கிப் பாக்கிறது, முடிஞ்சு திரும்ப கப்பல் ஏறினதும் எல்லாருக்கும் ஒரு மாதிரி மனசு கனமா இருக்கும், பென்குயின் கூட்டத்தை திரும்பித் திரும்பி பாத்துட்டே நிப்பாங்க. நில்லுங்க, நல்லா பாத்துக்கோங்க. ஆனா டிரேக்குக்குள்ள நுழையறதுக்குள்ள செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கு. முதல்ல பூட்ஸை பிரஷ் வெச்சு நல்லா தேச்சுக் கழுவி, கிருமிநாசினியில முக்கி எடுத்துட்டு வாடகை பூட்ஸை திருப்பிக் குடுத்துடுங்க. பேன்ட் அடிப்பக்கம், வெல்க்ரோ, ட்ரைபாட் கால், பேக்கோட அடி, எல்லாத்துலயும் மண்ணோ எச்சமோ ஒட்டியிருக்கும், அதை சுத்தமா எடுத்துடுங்க. பறவைக் காய்ச்சல் 2023 கடைசியில சவுத் ஜார்ஜியாவுக்கும் 2024 ஆரம்பத்துல அன்டார்க்டிகா மெயின்லேண்டுக்கும் போயிடுச்சு, அதனால இந்த சுத்தம் இப்ப ரொம்ப ரொம்ப முக்கியம். ஒரு சின்ன கல்லு, ஒரு இறகு, பேரனுக்குக் காட்டலாம்னு கூட எடுத்துட்டு வரக்கூடாது. அன்டார்க்டிகா சுற்றுச்சூழலைக் காக்கப் போட்ட 1991 மாட்ரிட் ஒப்பந்தப்படியும் தப்பு, நம்ம நாட்டுலயே 2022-ல இதுக்குன்னு இந்தியன் அன்டார்க்டிக் ஆக்ட் வந்தாச்சு. பாக்கெட்டை ஒரு தடவை தடவிப் பாத்துடுங்க, குழந்தைங்க கூட வந்தா அவங்க பாக்கெட்டையும்.

அன்னைக்கு சாயங்காலமே பெட்டியில முக்கால்வாசி கட்டிடுங்க, இதை நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன். டிரேக்ல கப்பல் ஆடுறப்ப குனிஞ்சு பெட்டி அடுக்குறதை விட வாந்தி வர்றதுக்கு சுலபமான வழி கிடையாது. மாத்திரையையும் ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போட்டுக்கணும், குமட்டல் வந்தப்புறம் போட்டா அது வேலை செய்யறதுக்குள்ள வெளிய வந்துடும். நம்ம ஊர் அவோமின் நிறைய பேருக்கு ஒத்துக்கும், ஆனா தூக்கம் வரும். பிபி, ப்ராஸ்டேட், கண்ல ப்ரஷர்னு ஏதாவது இருந்தா கப்பல் டாக்டர்கிட்ட கேட்டுட்டு போடுங்க. கூட நார்த்தங்காய் உப்பு போட்டது ஒரு டப்பா வெச்சுக்கோங்க, வாய்க்கு அவ்வளவு இதமா இருக்கும். கிச்சன்ல வெறும் சாதமும் ப்ளெயின் யோகர்ட்டும் கேட்டா பெரும்பாலும் தருவாங்க, வயிறு சரியில்லாத நாள்ல அதுதான் அமிர்தம்.

கேமரா, லேப்டாப் எல்லாத்தையும் தரையில வைங்க, மேஜை மேல வேண்டாம். நடக்கிறப்ப ஒரு கை எப்பவும் கம்பியில. கதவு நிலையில விரலை வைக்கவே வைக்காதீங்க, கப்பல் ஒரு சாய்ப்பு சாய்ஞ்சா அந்த கனமான கதவு படார்னு சாத்தும், டிரேக்ல விரல் நசுங்குறது அப்படித்தான். ஆனா அதுக்காக ரெண்டு நாளும் கேபின்லயே படுத்துக் கிடக்காதீங்க. டெக் திறந்திருந்தா பின்பக்கம் போய் நில்லுங்க, வாண்டரிங் ஆல்பட்ராஸ் றெக்கையை அடிக்காமலே கப்பல் கூடவே வரும், விரிச்சா மூணு மீட்டருக்கு மேல இருக்கிற றெக்கை, பாத்துட்டே இருக்கலாம். அடிவானத்தைப் பாத்துட்டு நின்னா குமட்டலும் குறையும்.

அந்த ரெண்டு நாள்ல பண விவகாரத்தையும் முடிச்சுடுங்க. கப்பல் பில் பெரும்பாலும் டாலர்ல வரும், டிப்ஸும் அதுலயே சேத்திருப்பாங்க, அதனால கடைசி ராத்திரி வரைக்கும் விடாம முன்னாடியே ஒரு காப்பி கேட்டு வரி வரியா பாருங்க. கார்டுல இன்டர்நேஷனல் டிரான்ஸாக்ஷனை சென்னைலயே ஆன் பண்ணி லிமிட்டும் ஏத்திடணும், நடுக்கடல்ல பேங்க் ஓடிபி வரும்னு நம்பி இருக்காதீங்க. ஃபோன் ஏரோப்ளேன் மோட்லயே இருக்கட்டும், கப்பல்ல இருக்கிற சாட்டிலைட் செல் நெட்வொர்க்கை அது தானா பிடிச்சுடுச்சுன்னா வர்ற பில் பயங்கரமா இருக்கும், வைஃபை மட்டும் தனியா ஆன் பண்ணிக்கலாம். பாஸ்போர்ட்டை ஆரம்பத்துலயே வாங்கி வெச்சிருப்பாங்க, எப்ப எங்க திருப்பித் தர்றாங்கன்னு ரிசப்ஷன்ல கேட்டு வெச்சுக்கோங்க. எக்ஸ்பெடிஷன் டீம் போட்டோ ஸ்லைட் ஷோ போட்டு எல்லாருக்கும் ஷேர் பண்ணுவாங்க, அதை வாங்க ஒரு காலி பென் டிரைவ் வேணும். உங்க போட்டோவை ரெண்டு இடத்துல காப்பி எடுத்து, ஒண்ணு கைப்பையில, ஒண்ணு கூட வர்றவங்க பையில.

உஷுவாயாவுக்குப் போற குறுகலான கடல் வழியான பீகிள் சேனலுக்குள்ள நுழைஞ்சதும் ஆட்டம் நின்னுடும், அப்ப மிச்ச பேக்கிங். கடைசி ராத்திரி பெரிய பெட்டியை கேபின் வாசல்ல வைக்கச் சொல்லுவாங்க, மறுநாள் போட்டுக்க வேண்டிய டிரெஸ், மாத்திரை, சார்ஜர், பல் தேய்க்கிற பிரஷ் எல்லாம் தனியா எடுத்து வெச்சுட்டு அப்புறம் பூட்டுங்க. பவர் பேங்க், கேமரா பேட்டரி எல்லாம் கைப்பையிலதான்.

உஷுவாயால இறங்கினதும் நேரம் இருந்தா பழைய ஜெயில்ல இருக்கிற மியூசியத்தைப் பாருங்க, துறைமுகத்துலேர்ந்து நடந்தே போயிடலாம், பெட்டியை ஊருக்குள்ள வெச்சு பாத்துக்க கப்பல்காரங்களே பல தடவை ஏற்பாடு பண்ணுவாங்க. மீதி பெசோவை அங்கேயே செலவு பண்ணிடுங்க, பாரிமுனைல கொண்டுவந்து மாத்திக்கலாம்னு வெச்சிருந்தா அது டிராயர்லயேதான் கிடக்கும். சொந்தக்காரங்களுக்கு அல்ஃபஹோர் பிஸ்கட் வாங்கலாம், ஆனா முட்டை சேத்திருப்பாங்க, சாப்பிடாத வீடுன்னா பாத்து வாங்குங்க. உள்நாட்டு ஃப்ளைட்ல எடை லிமிட் உங்க இன்டர்நேஷனல் டிக்கெட்டை விட குறைவா இருக்கலாம், அதனால பார்க்கா ஜாக்கெட்டை போட்டுக்கிட்டே ஏறிடுங்க. ப்யூனஸ் அயர்ஸ்ல வேர்க்கும், பரவால்ல.

சென்னைல இறங்குறப்ப உடம்பு எட்டரை மணி நேரம் பின்னாடி இருக்கும். கூடவே ஒரு விசித்திரமும் நடக்கும், குளிக்கக் கண்ணை மூடினா பாத்ரூமே ஆடுற மாதிரி இருக்கும். கடல் பழகின மூளை தரைக்கு இன்னும் பழகலைன்னு அர்த்தம், ரெண்டு மூணு நாள்ல பெரும்பாலும் போயிடும், வாரக்கணக்கா போகலைன்னா ஈஎன்டி டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் பைக் எடுக்காதீங்க, அம்மா ஏணியில ஏறி பரண்ல பெட்டி வைக்கவும் விடாதீங்க. ஏர்போர்ட்டுக்கு யாரையாவது வரச் சொல்லுங்க, இல்ல கேப் பிடிங்க, அவ்வளவு பெட்டியோட மெட்ரோ வேண்டாம். ஆஃபீஸ் லீவை வந்து சேர்ற நாளோட முடிக்காம இன்னும் ரெண்டு நாள் நீட்டி வைங்க, காலை வெயில்ல கொஞ்சம் நடந்தீங்கன்னா தூக்கம் சீக்கிரம் வழிக்கு வரும்.

பெட்டியை மட்டும் வந்த அன்னைக்கே திறந்துடணும். உப்புத் தண்ணியும் பென்குயின் வாடையும் ஏறின துணி நம்ம ஊர் ஈரக்காத்துல மூடின பெட்டிக்குள்ள கிடந்தா பூஞ்சை பிடிச்சுடும், நவம்பர் டிசம்பர் மழையில வந்தீங்கன்னா கேட்கவே வேண்டாம். வாட்டர்ப்ரூஃப் பேன்ட், க்ளவுஸ் எல்லாத்தையும் லிக்விட் சோப்புல அலசி நிழல்ல காய வைங்க, ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போடாதீங்க, தண்ணி ஒட்டாத தன்மை போயிடும். கேமராவை லேசா நனைச்சு பிழிஞ்ச துணியால உப்பு போக துடைச்சு, லென்ஸை கழட்டி, சிலிக்கா ஜெல் போட்ட காத்துப் புகாத டப்பால வைங்க. ஜெல் கலர் மாறினா மாத்திடுங்க, சென்னைல லென்ஸ்ல ஃபங்கஸ் வர ஒரு மழை சீசன் போதும்.