படகு ஹீட்டரை மாற்றும்போது எங்கே தவறுகிறார்கள்?

அமெரிக்கப் பாய்மரப் படகுகளில் பரவலாக இருப்பது 6 கேலன், அதாவது சுமார் 23 லிட்டர் வாட்டர் ஹீட்டர். அது ஒழுக ஆரம்பித்ததும் பலர் லிட்டர் கணக்கை மட்டும் பார்த்துப் புதியதை ஆர்டர் செய்துவிடுகிறார்கள். வந்த பிறகுதான் தெரியும், அது இருக்கைக்கு அடியில் உள்ள திறப்பில் நுழையாது என்று. சில படகுகளில் பழைய ஹீட்டரை மேல்தளம் மூடுவதற்கு முன்பே உள்ளே இறக்கியிருப்பார்கள். அதனால் தொட்டியை மட்டுமல்ல, அது போகும் வழியில் மிகக் குறுகலான இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஹோஸ் மாட்டும் முனைகள் முன்பக்கமா, பின்பக்கமா என்றும் பாருங்கள். அவை சுவரைப் பார்த்து அமைந்துவிட்டால் ஸ்பேனர் வைக்க இடமே கிடைக்காது.

விலை குறைவு என்று வீட்டு கீசரை வைக்கலாமா? வேண்டாம். படகு ஹீட்டருக்கு இரண்டு அடுப்பு. கரையில் கட்டியிருக்கும்போது மின்சாரம். ஓடும்போது எஞ்சினின் சூடான கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், தொட்டிக்குள் இருக்கும் சுருள் வழியே போய் நீரைச் சூடாக்கும். வீட்டு கீசரில் அந்தச் சுருள் கிடையாது. பெட்ரோல் எஞ்சின் அறையில் வீட்டு கீசரை வைப்பது ஆபத்தும்கூட: நீர் போதிய அளவு சூடானதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டில் வரும் சிறு பொறி, தேங்கிய பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கப் போதும். அங்கே தீப்பொறி வெளியே வராதபடி மூடிச் செய்த கருவிதான் வேண்டும்.

பலர் கவனிக்காத இன்னொன்று, தெர்மோஸ்டாட் மின்சாரச் சூட்டைத்தான் நிறுத்தும். எஞ்சின் சூட்டை நிறுத்தாது. கூலன்ட் 80 டிகிரி செல்சியஸில் ஓடினால் தொட்டி நீரும் அதை நெருங்கிவிடும். 60 டிகிரி நீரே சில விநாடிகளில் தோலைப் பொசுக்கும். குளிர்நீரைத் தானாகக் கலந்து அனுப்பும் மிக்ஸிங் வால்வு சேர்ந்தே வருகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தனியாக வாங்கியே ஆக வேண்டும். என்னைக் கேட்டால் இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

அப்புறம் மின்சாரம். 120 வோல்ட்டில் 1500 வாட் என்றால் 12.5 ஆம்பியர், 23 லிட்டரை 40 டிகிரி உயர்த்த முக்கால் மணி நேரம் ஆகும். அதே ஹீட்டரை இன்வெர்ட்டரில் போட்டால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நீரைச் சூடாக்கும் 120 வோல்ட் மின் காயிலை ஐரோப்பிய 230 வோல்ட்டில் இணைத்தால் அது கருகிவிடும்.

தொட்டியின் உலோகமும் முக்கியம். அலுமினியத் தொட்டியில் பித்தளை முனையை நேரடியாக முறுக்கினால் சேருமிடம் அரித்துப்போகும். உள்ளே கண்ணாடிப் பூச்சு உள்ள எஃகுத் தொட்டி என்றால், தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடும் அனோடு கம்பியை அவ்வப்போது மாற்ற வேண்டும். அதை உருவியெடுக்க எதிரே இடம் விட்டிருக்கிறீர்களா? கடல்நீரிலேயே நேராகக் குளிரும் எஞ்சின் என்றால், உப்புநீரைத் தாங்கும் சுருள்தானா என்று விற்பவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அழுத்தம் கூடினால் நீரை வெளியே விடும் பிரஷர் வால்வு சொட்டுகிறது என்று அதை அடைத்துவிடுபவர்களும் உண்டு. அது மிக ஆபத்து. சூடாகும் நீர் விரிகிறது, போக வழியில்லை. விரியும் நீருக்கு இடம் தரும் ஒரு சிறு எக்ஸ்பான்ஷன் டேங்க் வைத்தால் பெரும்பாலும் சொட்டு நின்றுவிடும்.

பொருத்தி முடித்ததும் சுவிட்சைத் தட்டாதீர்கள். வெறும் தொட்டியில் காயில் சீக்கிரமே எரிந்துபோகும். வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று இல்லாமல் நீர் சீராக வந்த பிறகே மின்சாரத்தைப் போடுங்கள்.