கோடிப்புறத்தில் நிற்கும் றலி: ஊருக்குப் போகிறவர்கள் பழைய சைக்கிளை ஓட வைக்க

யாழ்ப்பாணத்து வீட்டில் அப்பப்பாவோ அப்பாவோ ஓடிய சைக்கிள் இன்னும் கோடிப்புறத்தில் சாத்திக் கிடக்கிறது என்றால், விமான டிக்கெட் எடுத்த கையோடு வீட்டில் இருப்பவர்களிடம் நான்கு படங்கள் கேளுங்கள். முன் கழுத்தில் உள்ள சின்னம், பெடல் பூட்டியிருக்கும் பெரிய பல்லுச் சக்கரம், பின் சில்லின் நடுவிலுள்ள ஹப், ரிம்மின் உட்பக்கம். வேலிப் பூவரசுக்குப் பக்கத்தில் முழுச் சைக்கிளையும் நிறுத்தி எடுத்த படம் பார்க்க அழகாக இருக்கும், வேலைக்கு உதவாது.

பல்லுச் சக்கரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்குள் நாரைத் தலைகள் வெட்டப்பட்டிருந்தால் றலி. கைகோத்ததுபோல் ஐந்து மனித உருவங்கள் இருந்தால் ஹம்பர். விரித்த உள்ளங்கை இருந்தால் றட்ஜ். மூன்றுமே ஒரு கட்டத்தில் இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரத்து றலி நிறுவனத்தின் பெயர்கள்தான். ஹம்பர் சைக்கிளை றலி 1932இலும் றட்ஜை 1943இலும் வாங்கியது. ஹம்பருக்கு இன்னோர் அடையாளம் உண்டு: முன் ஃபோர்க்கின் ஒவ்வொரு காலும் இரட்டைக் குழாயாக இருக்கும். ஊரில் ஹம்பர் வைத்திருந்தவர்கள் றலிக்காரர்களைச் சற்றுக் கீழாகப் பார்த்ததற்கு அந்த இரட்டைக் குழாயைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கழுத்துச் சின்னத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது இரண்டு ஆணியில் நிற்கும் தகடு, மாற்றுவது சுலபம். இந்தியாவில் செய்த வண்டிகளும் ஏராளமாக ஓடின. மேற்கு வங்காளத்து அசன்சோலில் சென்-றலி வண்டிகள் செய்யப்பட்டன. 1949இல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர்த் தொழிற்சாலையிலிருந்து ஹேர்குலிஸ் வந்தது. உங்களுடையது இங்கிலாந்து வண்டியில்லை என்று தெரிந்தால் முகம் வாட வேண்டியதில்லை. அதற்கு உதிரிப்பாகம் எடுப்பது இன்னும் சுலபம். இலங்கையிலேயே செய்த லுமாலா என்றால் கவலையே இல்லை.

வயது அறிய ஒரு வழி இருக்கிறது, ஆனால் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. பின் சில்லில் ஸ்ரேமி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால், மண்ணெண்ணெய்த் துணியால் அழுக்கைத் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் மாதமும் அடித்திருக்கும். 58உம் 3உம் தெரிந்தால் 1958 மார்ச்சில் செய்த ஹப். கியர் இல்லாத சாதாரண வண்டிக்கு இந்த வசதி கிடையாது. அங்கே வீட்டுக் கதைதான் ஆதாரம்: யார் வேலைக்குச் சேர்ந்த வருடம் வாங்கியது, யாருடைய கலியாணத்துக்கு முன்பு. பெரியம்மாவிடம் கேளுங்கள், பெரியப்பாவுக்கு விலை மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

இங்கிலாந்திலோ ஜேர்மனியிலோ பழைய சைக்கிள் சேர்ப்பவர்கள் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஒவ்வோர் ஆணியும் இருக்க வேண்டும் என்பார்கள். அந்த அளவுகோலை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவராதீர்கள். 1990இலிருந்து பொருளாதாரத் தடைக் காலம் முழுவதும் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை. குடாநாட்டின் லொறியும் அம்புலன்சும் சைக்கிள்தான். விறகு, நெல்மூட்டை, நோயாளி எல்லாம் கரியரில் போயின. வண்டியைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்களில் எத்தனையோ பேர் வீட்டுச் சாமான் முழுவதையும் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டுதான் போனார்கள். ஆகவே உங்கள் வண்டியின் கரியரில் தடித்த இரும்புக் கம்பி வைத்து ஒட்டியிருக்கும். மட்கார்ட் ஒன்று ஹேர்குலிசாகவும் மற்றது பெயரில்லாததாகவும் இருக்கும். முன் ஃபோர்க் வேறொரு வண்டியிலிருந்து வந்திருக்கும். அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு இணையத்தில் நொட்டிங்காம் பாகம் தேடுவது எனக்குப் பிடிக்காத வேலை. அந்த ஒட்டுகளும் இந்தச் சைக்கிளின் உடம்புதான். பாதுகாப்பு இல்லாததை மட்டும் மாற்றுங்கள்.

மூன்று வார விடுமுறை என்றால் வந்து இறங்கிய மறுநாளே வண்டியைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். கோயில், கலியாணம், காணிப் பிரச்சினை எல்லாம் முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று விட்டால் சைக்கிள் தயாராகும் நாளும் நீங்கள் கட்டுநாயக்கா போகும் நாளும் ஒன்றாகிவிடும். பெரிய காட்சியறைக் கடைகள் இதற்குச் சரிவராது. சந்தியில் தகரக் கொட்டிலில், சுவரில் பழைய ரயர் தொங்க வேலை செய்யும் வயதானவரைத் தேடுங்கள். சுன்னாகம், சாவகச்சேரி, நெல்லியடி போன்ற சந்தை ஊர்களில் விசாரித்தால் ஆள் காட்டுவார்கள். போனவுடன் விலை பேசாதீர்கள். ஐயா என்றோ அண்ணை என்றோ கூப்பிட்டு, வண்டி யாருடையது என்று சொல்லுங்கள். அப்பாவின் பெயர் தெரிந்தவராகவும் இருக்கலாம். பிறகு வேலை, சாமான், நாள் மூன்றையும் தனித்தனியாகப் பேசி முடியுங்கள்.

கேட்க வேண்டிய வேலை கழுவிப் பூட்டுதல். முழுவதையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிறீஸ் வைத்துப் பூட்டுவது. அச்சு சுழல உதவும் சிறு உருக்குக் குண்டுகளான போல்ஸ் எல்லாவற்றையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையதையும் புதியதையும் கலந்தால் சுமை ஒரு சில போல்ஸில் மட்டும் விழும். பெடல் அச்சுக்கு ஒரு பக்கத்துக்குப் பதினொன்று, கால் அங்குல அளவு. அச்சைத் தாங்கும் கிண்ணங்கள் ஓரளவு தேய்ந்திருந்தாலும் எறிய விடாதீர்கள். நொட்டிங்காம் றலியில் அந்த மரை அங்குலத்துக்கு 26 சுற்று. மற்ற ஆங்கில வண்டிகளில் 24. புதுக் கிண்ணத்தைப் பலவந்தமாக முறுக்கினால் கெடுவது சட்டகம், அதற்கு மாற்று இல்லை. கழற்றிய ஆணி, வாசர் முழுவதையும் ஒரு பேணியில் போட்டுத் தரும்படி கேட்டு வாங்கி வையுங்கள். பெடல் தண்டை இறுக்கும் கொட்டர் ஆணியைச் சுத்தியலால் அடித்துக் கழற்றும்போது கீழே இரும்புக் குழாய் முண்டு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடி நேராக அச்சுக்கும் போல்ஸுக்கும் போகும். நல்ல பாஸ்மார் சொல்லாமலே முண்டு வைப்பார்கள். வைக்காதவரிடம் வண்டியைத் திருப்பிக் கேளுங்கள்.

பெயின்ற் விஷயத்தில் உறவினர்களோடு மோத வேண்டி வரும். வெளிநாட்டிலிருந்து வந்தவன் கறள் பிடித்த சைக்கிளில் கோயிலுக்குப் போவதா என்பார்கள். கடைக்காரரும் ஒரு நாளில் கறுப்பு அடித்துத் தரலாம் என்பார். வேண்டாம். பழைய எனாமலின் மேல், அழுக்குக்குக் கீழே பொன்னிறக் கோடும் எழுத்தும் ஒளிந்திருக்கும். ஒருமுறை சுரண்டினால் போனது போனதுதான். எழுத்து உள்ள இடத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் மட்டும் துடையுங்கள்; மண்ணெண்ணெய் பட்டால் எழுத்து கரையலாம். குரோம் பூச்சில் உள்ள மேற்கறளுக்குக் கசக்கிய அலுமினியத் தாளும் தண்ணீரும் போதும். பித்தளைக்குப் புளி. குரோமுக்குப் புளி போட வேண்டாம். தோல் சீற் இருந்தால், குறிப்பாக புறூக்ஸ் என்றால், தேங்காய் எண்ணெய் பூசி ஊற வைக்கும் யோசனையை மறந்துவிடுங்கள். தோல் இளகித் தொட்டில்போல் தொங்கும். மெழுகுப் பதமான தோல் பூச்சுக் கொஞ்சம், அவ்வளவுதான்.

ரயர் வாங்கும்போது அங்குலக் கணக்கை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். கேபிளுக்குப் பதில் இரும்புத் தண்டால் இழுக்கும் தண்டுப் பிறேக் உள்ள ஆண்கள் வண்டிக்கு 28க்கு 1½ ரயர். ரிம்மில் உட்காரும் அதன் உள்விட்டம் 635 மில்லிமீற்றர். ஐரோப்பாவில் 28 என்று விற்பவை பெரும்பாலும் 622, ரிம்மில் ஏறாது. ஆகவே ரொறன்ரோவிலிருந்தோ பாரிசிலிருந்தோ ரயர் சுமந்து வராமல் யாழ்ப்பாணத்திலேயே வாங்குங்கள், இந்தியத் தயாரிப்பு கிடைக்கிறது. ரிம் மாற்ற வேண்டி வந்தால் அதே வடிவம் கேளுங்கள்: தண்டுப் பிறேக் ரிம்மின் பக்கத்தில் அல்ல, உட்புறத்தில் அழுத்துகிறது. சில்லுக் கம்பி முன்னுக்கு 32, பின்னுக்கு 40. செயின் அகலமானது, ⅛ அங்குலம். கியர் சைக்கிளின் மெல்லிய செயின் இங்கே சரிவராது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டியது நல்ல உருக்குக் கொட்டர் ஆணி ஒரு சோடி, விரும்பினால் சீற். ரியூப் ஒட்டும் பசையும் தெளிப்பு எண்ணெயும் தீப்பற்றும் பொருட்கள், பொதியில் போடாதீர்கள்.

வீட்டில் சைக்கிள் இல்லை, வாங்க விரும்புகிறீர்கள் என்றால் கழுத்துக் குழாயும் மேல் பாரும் சேரும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா, முன் ஃபோர்க் பின்பக்கம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். விற்பவரிடம் ஒரு துண்டில் எழுதிக் கையொப்பம் வாங்குவது நல்லது.

இனி ஓட்டம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில்தான் நம்மவர்கள் அதிகம் வருகிறார்கள். அது தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றின் காலம். பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போகும்போது காற்று முகத்தில் அடிக்கும். திரும்பி வரும்போது முதுகில் தள்ளும். அதனால் காலை ஐந்தரைக்கே, காற்று எழும்புவதற்கு முன், புறப்பட்டு அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போய்விடுங்கள். விரும்பினால் படகில் நயினாதீவு. மார்கழியில் வருகிறவர்களுக்கு வடகிழக்கு வாடைக் காற்று, கணக்கு அப்படியே தலைகீழாக மாறும். மழை நாளில் ஒன்றை மறக்க வேண்டாம்: நனைந்த இரும்பு ரிம்மில் தண்டுப் பிறேக் பாதிகூடப் பிடிக்காது.

முதல் ஓட்டத்துக்குத் தீவுப்பக்கம் வேண்டாம். கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் ஒழுங்கைகளில், வெங்காயத் தோட்டத்துக்கும் வாழைத் தோட்டத்துக்கும் நடுவே இரண்டு காலை ஓடிப் பாருங்கள். எந்த ஆணி தளர்கிறது என்று அங்கே தெரிந்துவிடும். கடைக்கும் கிட்ட. பிறகு பருத்தித்துறையிலிருந்து வல்வெட்டித்துறை வழியாகத் தொண்டைமானாறு வரை கடற்கரை வீதி; என் கணிப்பில் குடாநாட்டிலேயே பழைய சைக்கிளுக்கு ஏற்ற ஓட்டம் அதுதான். ஏ9 வீதியைத் தவிருங்கள், பஸ்கள் சைக்கிளைக் கணக்கெடுப்பதில்லை. இருட்டில் ஓடுவதானால் டைனமோவோடு ஒரு பற்றரி லைற்றும் பூட்டுங்கள். டைனமோ நின்றவுடன் அணைந்துவிடும், சந்தியில் நீங்கள் நிற்பது யாருக்கும் தெரியாது. வேட்டியோடு கோயிலுக்குப் போகிறவர்கள் செயின் கவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். நல்லூரில் திருவிழா நாட்களில் சுற்றுப்புற வீட்டு வளவுகளிலேயே சைக்கிள் பாதுகாப்பு நிலையம் இருக்கும். துண்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.

விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்கள் பலர். சுங்கத்திலும் தொல்பொருள் திணைக்களத்திலும் முன்கூட்டியே விசாரியுங்கள். அவுஸ்திரேலியா போகிறதென்றால் ஒரு துளி மண் இல்லாமல் கழுவ வேண்டும். என்னைக் கேட்டால் ஊரிலேயே விடுங்கள். 635 ரயரும், கொட்டர் அடிக்கத் தெரிந்த ஐயாவும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் பூட்டி வைத்துவிட்டு வராதீர்கள், அடுத்த தடவை ரியூப்பும் சீற்றும் போயிருக்கும். பள்ளிக்கூடம் போகும் மருமகனிடமோ பக்கத்து வீட்டுப் பெடியனிடமோ கொடுத்து, கிழமைக்கு இரண்டு முறை ஓடச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய். ஒட்டுப் போடுவதற்கும் ரியூப்புக்கும் உரிய காசைக் கடைக்கார ஐயாவிடம் முன்கூட்டியே கொடுத்து, கணக்கை அவருடைய கொப்பியில் எழுதிவிட்டு வாருங்கள்.