காற்றுப் படாமல் பீரை வேறு ஃபெர்மென்டருக்கு மாற்றுவது எப்படி?

காலியாகத் தெரியும் இரண்டாவது ஃபெர்மென்டர் (பீர் நொதிக்கும் பாத்திரம்) உண்மையில் காலி இல்லை. அது முழுக்கக் காற்று, அதில் 21 சதவீதம் ஆக்ஸிஜன். நொதிக்கத் தொடங்கும்போது ஈஸ்ட்டுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். நொதித்து முடிந்த பீரை அதே ஆக்ஸிஜன் கெடுத்துவிடும்: ஹாப்ஸ் என்ற பூவின் மணம் மங்கும், நிறம் கறுக்கும், நாளாக ஆக நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். ஆசையாகக் காய்ச்சிய ஒரு பீரை இப்படி இழந்த பிறகுதான் நான் இந்த முறைக்கு மாறினேன்.

தொடங்கும் முன் ஒன்று. இரண்டு பாத்திரங்களும் அழுத்தம் தாங்கக்கூடியவையா என்று பாருங்கள். கண்ணாடி ஜாடிக்குள் சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தவே கூடாது, வெடித்துவிடும். அறை ஜன்னலும் திறந்திருக்கட்டும். ஹைட்ரோமீட்டர் (பீரின் அடர்த்தியைக் காட்டும் கருவி) அளவு இரண்டு மூன்று நாள் மாறாமல் நின்றால் பீர் மாற்றத் தயார்.

முதலில் இரண்டாவது பாத்திரத்தை, நுரைக்காத சானிடைசர் (கிருமிநீக்கி) கரைசலால் விளிம்புவரை நிரப்புங்கள். லேசாகச் சாய்த்துத் தட்டினால் மூடிக்கடியில் ஒளிந்திருக்கும் காற்றும் வெளியேறும். மூடிவிட்டு, பாத்திரத்தில் வாயு நுழைவதற்கான வழியில் கார்பன் டை ஆக்சைடை 3 முதல் 5 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) அழுத்தத்தில் விடுங்கள். கரைசல் முழுவதும் பீருக்கான வழியில் வெளியே வந்துவிடும். அது விட்ட இடத்தில் கார்பன் டை ஆக்சைடு மட்டுமே இருக்கும். 'இந்த வாயு கனமானது, மேலிருந்து கொஞ்சம் விட்டால் அடியில் போர்வை போலப் படிந்துவிடும்' என்பார்கள். நம்பாதீர்கள். வாயுக்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். திரவத்தால் நிரப்பித் தள்ளுவதுதான் நிச்சயமான வழி.

அடுத்து, பீர் உள்ள ஃபெர்மென்டரை மேசையிலும் மற்றதைத் தரையிலும் வையுங்கள். அடியில் படிந்த ஈஸ்ட் கலங்காதிருக்க, இதைச் சில மணி நேரம் முன்பே செய்துவிடுவது நல்லது.

பீர் குழாயை முதலில் கீழ்ப் பாத்திரத்தில் மாட்டுங்கள். அதிலிருந்து வரும் வாயு குழாய்க்குள் இருக்கும் காற்றைச் சில விநாடிகளில் வெளியேற்றிவிடும். பிறகு மறுமுனையை மேல் ஃபெர்மென்டரின் குழாய்வாயில் பொருத்துங்கள். கீழ்ப் பாத்திரத்தின் வாயு வழியையும் மேல் ஃபெர்மென்டரின் மூடியையும் இன்னொரு குழாயால் இணையுங்கள். அதிலும் முதலில் வாயுவை ஓடவிட்டுக் காற்றைப் போக்க மறக்காதீர்கள். இந்த இரண்டாவது குழாயில்தான் சூட்சுமமே இருக்கிறது. ஒரு லிட்டர் பீர் கீழே இறங்கினால் ஒரு லிட்டர் கார்பன் டை ஆக்சைடு மேலே ஏறும். வெளிக்காற்று நுழைய இடமே இல்லை.

இனி வால்வைத் திறக்கலாம். ஓட்டம் தொடங்காவிட்டால் மேல் ஃபெர்மென்டருக்குள் 1 அல்லது 2 பி.எஸ்.ஐ. வாயு கொடுங்கள். கீழ்ப் பாத்திரம் அடியிலிருந்து நிரம்ப வேண்டும், பீர் மேலிருந்து சிதறி விழக்கூடாது. மெதுவாகவே ஓடும், அவசரப்படுத்தாதீர்கள். குளிர்ந்த பீர் என்றால் கீழ்ப் பாத்திரத்தின் வெளிப்புறம் வியர்க்கும். அந்த ஈரக்கோடு எவ்வளவு நிறைந்தது என்று காட்டிவிடும். குழாயில் ஈஸ்ட் கலங்கலாக வரத் தொடங்கியதும் வால்வை மூடுங்கள். கடைசி அரை லிட்டருக்கு ஆசைப்பட வேண்டாம்.