கோடை விடுமுறையில் வாரம் ஒரு கருப்பொருள்: சிறு குழந்தைகளுக்கு வீட்டிலேயே திட்டமிடும் முறை

மழலையர் வகுப்புகளுக்கு ஏப்ரலில் விடுமுறை விட்டால், பள்ளி மீண்டும் திறக்கும் ஜூன் வரை குழந்தை நாள் முழுவதும் வீட்டில்தான் இருக்கும். திருச்சி வெயிலில் காலை பத்தரை மணிக்கு மேல் அவர்களை வெளியே அனுப்பவும் முடியாது. என் மகளுக்கு நான்கு வயதான ஆண்டில், ஒரு நாளைக்கு ஆறு வேலைகள் வீதம் ஒரு பெரிய அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். வண்ணத் தாள், பசை, பாசிமணி என்று நிறைய வாங்கியும் வைத்தேன். மூன்றாம் நாளே அவள் எதையும் தொட மறுத்துவிட்டாள். காலையில் காகிதப் பென்குவின், பிற்பகலில் மணி கோத்தல், மாலையில் எண் அட்டை என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வேலைகளைக் கொடுத்ததால், நேற்றைய வேலையை இன்று நினைத்துப் பார்க்க அவளுக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை. மறு ஆண்டு வாரத்துக்கு ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, நாளுக்கு ஒரே ஒரு வேலையை மட்டும் வைத்தேன். இன்று மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு நான்கு வயது. இருவருக்கும் அதே முறைதான் நடைபெறுகிறது. முதன்முறையாகத் திட்டமிடும் பெற்றோருக்காக அதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: கருப்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு கருப்பொருள் ஒரு வாரம் தாங்குமா என்பதை மூன்று கேள்விகளால் அறிந்துகொள்ளலாம். குழந்தை அதைத் தொட்டோ நேரில் பார்த்தோ விளையாட முடியுமா? ஏழு நாட்களுக்குள் அது கண்ணுக்குத் தெரியும்படி மாறுமா? இந்தப் பருவத்தில் நம் வீட்டிலோ தெருவிலோ அது கிடைக்குமா? டைனோசர், விண்வெளி போன்ற கருப்பொருள்கள் குழந்தைகளுக்குப் பிடித்தவைதாம். ஆனால் வீட்டில் அவற்றைப் படமாக மட்டுமே காட்ட முடியும் என்பதால் இரண்டு நாட்களில் அவை தீர்ந்துவிடுகின்றன. விதை, நிழல், நுங்கு, தண்ணீர் ஆகிய நான்கும் மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்று பதில் தருகின்றன. நான்கு வாரங்களுக்கு மேல் முன்கூட்டித் திட்டமிட வேண்டாம். மீதி நாட்களில் ஊருக்குப் போவதும் விருந்தினர் வருவதும் இருக்கும். குழந்தை தானாகவே கேட்கும் கருப்பொருளுக்கும் இடம் வேண்டும்.

இரண்டாம் படி: வெயிலைப் பார்த்துப் பொழுதைப் பிரித்தல்

வெளியே செய்யும் எதையும் காலை ஏழு முதல் ஒன்பதரைக்குள்ளும், மாலை ஐந்துக்குப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத் தொடக்கத்தில் கத்திரி வெயில் வந்துவிட்டால் காலை நேரத்தையும் எட்டரையோடு முடித்துக்கொள்வது நல்லது. பதினொன்றிலிருந்து நான்கு வரை வீட்டுக்குள் சாப்பாடு, தூக்கம், கதை, தாயம் போன்றவற்றுக்கு விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் எந்தப் புதிய வேலையையும் தொடங்க வேண்டாம். கைபேசி அதிகமாகக் கைக்கு வருவதும் அந்த நேரத்தில்தான். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும், அதற்கும் குறைந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. அந்த ஒரு மணி நேரத்தையும் எப்போது கொடுக்கப் போகிறோம் என்று முன்பே முடிவு செய்துவிட்டால், நாள் முழுவதும் பேரம் பேச வேண்டியதில்லை.

நாளின் முக்கிய வேலை இருபது நிமிடங்களுக்கு மேல் போகும் என்று எண்ணித் திட்டமிடாதீர்கள். என் மகன் சில நாட்களில் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவான். சில நாட்களில் ஒரு மணி நேரம் நகரவே மாட்டான். இரண்டையும் அப்படியே விட்டுவிடுவதே சரி என்பது என் அனுபவம்.

மூன்றாம் படி: ஒரு பெட்டியைத் தயார் செய்தல்

நான்கு கொட்டாங்குச்சிகள், பழைய வேட்டித் துணி, சாக்பீஸ், கொஞ்சம் பஞ்சு, இரண்டு கண்ணாடித் தம்ளர்கள், ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில்கள், பெயின்ட் அடிக்கும் பழைய பிரஷ், கோடில்லாத ஒரு நோட்டு. நான்கு வாரங்களுக்கும் இவை போதும். கடைக்குப் போகும் தேவை பெரும்பாலும் வராது.

நான்காம் படி: முதல் வாரம், விதை

திங்கட்கிழமை காலையில் அஞ்சறைப் பெட்டியையும் பருப்பு டப்பாக்களையும் தரையில் இறக்கி வையுங்கள். கடுகு, வெந்தயம், மிளகு, பச்சைப்பயறு, மொச்சை, புளியங்கொட்டை, அவற்றோடு உடைத்த பாசிப்பருப்பு ஆகியவற்றில் ஒவ்வொரு பிடியை ஒரு முறத்தில் கலந்து வைத்து, குழந்தையைப் பிரிக்கச் சொல்லுங்கள். மூன்று வயதுக் குழந்தை என்றால் மொச்சையும் புளியங்கொட்டையும் மட்டும் போதும். ஆறு வயதுக் குழந்தை கடுகையும் மிளகையும் பிரித்துவிடும். இது வெறும் பொழுதுபோக்கு அன்று. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி, பிரிப்பது, ஊற்றுவது, துடைப்பது போன்ற அன்றாட வீட்டு வேலைகளையே சிறு குழந்தைகளின் கல்விக்கு அடிப்படையாக வைத்தார். இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். சிறு விதைகளை மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்வது குழந்தைகளின் இயல்பு; மூன்று வயதுக்குக் கீழே ஒரு தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால், இந்த வேலை முடியும் வரை பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அன்று இரவு அரை தம்ளர் பச்சைப்பயற்றை ஒரு கிண்ணத்திலும், உடைத்த பாசிப்பருப்பில் ஒரு பிடியை இன்னொரு கிண்ணத்திலும் ஊற வையுங்கள். இரண்டும் ஒரே பயறுதான் என்பதைக் குழந்தையிடம் சொல்லிவிடுங்கள். எது முளைக்கும் என்பதை மட்டும் சொல்லாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஊறிய பயற்றை அதே தம்ளரில் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். அரை தம்ளராக இருந்தது ஏறத்தாழ ஒரு தம்ளராகியிருக்கும். பிறகு தண்ணீரை வடித்து, இரண்டையும் தனித்தனி ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். கோடைச் சூட்டில் பயறு வேகமாக முளை கட்டும். புதன்கிழமை காலையில் முடிச்சை அவிழ்த்தால் ஒவ்வொரு பயற்றிலிருந்தும் வெள்ளை நுனி ஒன்று எட்டிப் பார்க்கும். உடைத்த பருப்போ வழவழத்து, வாடை வீசிக் கிடக்கும். முழு விதைக்குள் ஒரு குட்டிச் செடி உறங்குகிறது என்றும், உடைக்கும்போது அதற்கு அடிபட்டுவிடுகிறது என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு பல நாட்கள், சமையலறையில் எந்தப் பருப்பைப் பார்த்தாலும் "இது முளைக்குமா, முளைக்காதா?" என்று கேட்பதே என் மகனுக்கு வேலையாக இருந்தது.

முளை விட்ட பயறுகளில் ஐந்தாறை எடுத்துக் கண்ணாடித் தம்ளருக்குள், ஈரப் பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் இடையில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியும்படி செருகி வையுங்கள். வேர் கண்ணாடியை ஒட்டிக் கீழே இறங்குவதைக் குழந்தை நேராகப் பார்க்கலாம். வேர் ஒரு விரற்கடை நீண்டதும், வியாழக்கிழமை மாலையில், தம்ளரைப் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். வெள்ளிக்கிழமை காலையில் வேரின் நுனி மட்டும் வளைந்து மறுபடியும் தரையை நோக்கித் திரும்பியிருக்கும். ஆறு வயதுக் குழந்தையை அதை நோட்டில் வரையச் சொல்லலாம். என் மகள் வேருக்கு ஒரு கண் வரைந்திருந்தாள். கீழே எது என்று அதற்குத் தெரிகிறதே என்று காரணமும் சொன்னாள்.

மீதி முளைப்பயற்றில் நான்கைந்தைக் கொட்டாங்குச்சியில் துளையிட்டு, மண் நிரப்பி, விரல் நுனி ஆழத்தில் ஊன்றுங்கள். எஞ்சியதை வேக வைத்துத் தேங்காய்த் துருவலோடு சுண்டலாகக் கொடுங்கள். சிறு குழந்தைகளுக்கு முளைப்பயற்றைப் பச்சையாகக் கொடுப்பதை நான் தவிர்க்கிறேன். சனிக்கிழமைக்குப் புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் இருக்கின்றன. பதினான்கு குழிகளில் குழிக்கு ஐந்தாக எழுபது கொட்டைகளை நிரப்புவதே நான்கு வயதுக்குப் பெரிய எண்ணுப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை எந்த வேலையும் வேண்டாம்.

ஐந்தாம் படி: இரண்டாம் வாரம், நிழல்

காலை ஏழரை மணிக்கு மொட்டை மாடியில் குழந்தையை நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றியும் நிழலைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு இழுங்கள். ஒன்பது மணிக்கு அதே பாதத் தடத்தில் மறுபடி நிற்கச் சொல்லி இன்னொரு கோடு. மாலை ஐந்து மணிக்கு மூன்றாவது. நீளம் குறைந்ததையும், மாலையில் நிழல் எதிர்ப்பக்கம் சாய்ந்ததையும் குழந்தை தானாகவே கண்டுபிடித்துச் சொல்லும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஏப்ரலில் கிடைக்கும் ஒரு வாய்ப்பையும் தவறவிட வேண்டாம். சூரியன் உச்சி வேளையில் நேர் தலைக்கு மேலே வருவதால், செங்குத்தாக நிற்கும் பொருளுக்கு நிழலே விழாத நாள் இந்த மாதத்தில் வருகிறது. கன்னியாகுமரியில் ஏறத்தாழ ஏப்ரல் 10-இலும், மதுரையில் 16-ஐ ஒட்டியும், திருச்சியில் 18-ஐ ஒட்டியும், சென்னையில் 24-ஐ ஒட்டியும் அது நிகழும். ஒன்றிரண்டு நாட்கள் முன்பின் ஆனாலும் நிழல் மிகச் சிறியதாகவே இருக்கும். திருச்சியில் உச்சி நேரம் பகல் 12 மணி 15 நிமிட அளவிலும், சென்னையில் 12 மணி 7 நிமிட அளவிலும் வரும். பெட்டியில் உள்ள ஒரு பாட்டிலை நேராக நிற்க வைத்து, குழந்தைக்குச் செருப்பும் தொப்பியும் அணிவித்து, இரண்டு நிமிடம் மட்டும் பார்க்க விடுங்கள். சூரியனை நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். இந்த வாரத்துக்கு வேறு பெரிய வேலை தேவையில்லை. இரவில் டார்ச் விளக்கை வைத்துச் சுவரில் மான், முயல், பறவை காட்டினால் போதும்.

ஆறாம் படி: மூன்றாம் வாரம், நுங்கு

நுங்கு விற்பவரிடம் சுளையாக வாங்காமல், தலையை மட்டும் சீவிய முழுக்காய்களாக இரண்டு கேளுங்கள். ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் மூன்று கண்கள் இருக்கும். கட்டைவிரலை உள்ளே விட்டுத் தோண்டி உறிஞ்சிச் சாப்பிடக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள். சட்டையில் படும் கறை எளிதில் போகாது என்பதால் பழைய உடுப்பு அணிவிப்பது நல்லது. சாப்பிட்டு முடித்த இரண்டு கூடுகளும்தான் வண்டியின் சக்கரங்கள். ஏறத்தாழ அரை அடி நீளமுள்ள உறுதியான குச்சியின் இரு முனைகளிலும் அவற்றை நடுமையத்தில் குத்திச் செருகுங்கள்; இதைப் பெரியவர்தான் செய்ய வேண்டும். குழந்தையின் மார்பு உயரத்துக்கு ஒரு கவட்டைக் கம்பைத் தேடி, கவட்டையை அந்தக் குச்சியின் நடுவில் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். குச்சி மையம் தப்பினால் வண்டி நொண்டும். ஏன் நொண்டுகிறது என்று குழந்தையையே பார்க்கச் சொல்லுங்கள். சக்கரம் என்றால் என்ன என்பது அப்போதுதான் கைக்குப் புரிகிறது. என் அப்பா செய்து கொடுத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருக்கோடி வரை நான் ஓடியிருக்கிறேன். இப்போது அவரே பேரனுக்கும் செய்து தருகிறார். தாத்தா, பாட்டி வீட்டில் இருந்தால் இந்த வாரத்தை அவர்களிடமே ஒப்படைத்துவிடுங்கள். பனையோலைக் காற்றாடியும் கிலுகிலுப்பையும் அவர்கள் கையில் வரும் அளவுக்கு நம் கையில் வருவதில்லை.

கூடுகள் சில நாட்களில் காய்ந்து சுருங்கும். அந்த மாற்றத்தையும் நோட்டில் குறித்து வைக்கலாம்.

ஏழாம் படி: நான்காம் வாரம், தண்ணீர்

மாடித் தரையில் சிறிது தண்ணீர் ஊற்றி, அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புது வட்டம் போட வையுங்கள். பிரஷைத் தண்ணீரில் தோய்த்துச் சுவரில் பெயர் எழுதினால், எழுதி முடிப்பதற்குள் முதல் எழுத்து மறைந்துவிடும். எழுதப் பழகும் குழந்தைக்கு இதைவிடச் செலவில்லாத சிலேட்டு இல்லை. இரண்டு பாட்டில்களில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றின் மேல் ஈரத்துணி சுற்றி, இரண்டையும் காற்றோட்டமான நிழலில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். துணி சுற்றியது குளிர்ந்திருக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்: பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. திருச்சி, மதுரை போன்ற வறண்ட ஊர்களில் வேறுபாடு நன்றாகத் தெரியும். காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் குறைவாகத் தெரியும்.

தண்ணீர் வேலை நடக்கும்போது தொலைபேசி அழைத்தாலும் இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள். ஒரு வாளித் தண்ணீரே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால், வேலை முடிந்ததும் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றி வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

எட்டாம் படி: வார இறுதியில் ஒரு பக்கம்

ஞாயிறு மாலையில் குழந்தை சொல்வதைக் கேட்டு, அதன் சொற்களிலேயே இரண்டு வரிகளை நோட்டில் எழுதுங்கள், திருத்த வேண்டாம். எது பிடிக்கவில்லை என்பதையும் கேளுங்கள். அடுத்த வாரத்தின் நாட்களைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அதை வைத்தே முடிவு செய்யலாம். உடல்நலமில்லாமலோ ஊர்ப் பயணத்தாலோ ஒரு வாரம் விட்டுப்போனால், அதை அடுத்த வாரத்தோடு சேர்த்துத் திணிக்காமல் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

முதல் வாரத்தில் கொட்டாங்குச்சியில் ஊன்றிய பயற்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். நான்கு இலை விட்டதும், அடியில் துளையுள்ள பழைய வாளிக்கு வேர்மண்ணோடு மாற்றி, காலை வெயில் படும் இடத்தில் வைத்து, தண்ணீர் ஊற்றும் பொறுப்பைக் குழந்தையிடம் கொடுங்கள். ஏறத்தாழ ஐந்து வாரத்தில் மஞ்சள் பூ வரும். இரண்டு மாதத்தை ஒட்டி, பள்ளி திறக்கும் நாட்களில், காய்கள் கறுத்து முற்றும். சென்ற ஆண்டு எங்கள் வாளியில் கிடைத்தவை பதினொரு காய்கள். மகள் அவற்றை உரித்து, ஒரு பிடி பயற்றைத் தீப்பெட்டியில் போட்டு, மேலே தன் பெயரை எழுதி அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த ஏப்ரலில் ஊற வைப்பதற்காம்.