இரண்டு கிளை, ஒரே இன்டர்காம்: ஃப்ரீபிபிஎக்ஸும் வயர்கார்டும்

இரண்டு அலுவலகத்திலும் ஃப்ரீபிபிஎக்ஸ் (ஆஸ்டரிஸ்க் மேல் ஓடும் பிபிஎக்ஸ், அதாவது அலுவலக டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மென்பொருள்) ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வயர்கார்டு என்ற விபிஎன், இணையம் வழியே இரண்டுக்கும் நடுவே ஒரு தனிப் பாதை (டனல்) போடும்; அதன் வழியே ஒரே இன்டர்காம் போலப் பேசலாம். தனி லீஸ்டு லைன் வேண்டாம், இருக்கிற பிராட்பேண்டே போதும். ஒரு பக்கத்துக்கு மட்டும் ஸ்டாட்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) வாங்குங்கள். மறுபக்கம் சிஜிநாட்டுக்கு (பல வாடிக்கையாளருக்கு ஒரே பொது ஐபியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருந்தாலும் பரவாயில்லை.

படி 1: எண்களைப் பிரியுங்கள். தலைமை அலுவலகத்துக்கு 192.168.10.x, எக்ஸ்டென்ஷன் (உள் எண்) 200–299. கிளைக்கு 192.168.20.x, 300–399. இரண்டு ரவுட்டரும் வாங்கியபடியே 192.168.1.x-இல் இருந்தால் டனல் எழும்பினாலும் கால் போகாது.

படி 2: வயர்கார்டை ரவுட்டரிலேயே போடுங்கள், ரவுட்டர்ஓஎஸ் 7 உள்ள மைக்ரோடிக்கோ ஓபன்டபிள்யூஆர்டியோ போதும். ஸ்டாட்டிக் ஐபி பக்கம் யுடிபி 51820 மட்டும் திறந்திருக்கட்டும். சிப் (இணையக் காலை இணைக்கும் நெறிமுறை) பயன்படுத்தும் 5060-ஐ வெளியே திறந்தால் பாட்கள் (தானியங்கி ஹேக்கிங் நிரல்கள்) மோப்பம் பிடித்து வந்துவிடும். வெளிநாட்டுக் கால்களின் பில் உங்கள் தலையில். கிளைப் பக்கம் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 (25 நொடிக்கு ஒருமுறை சிறு பாக்கெட் அனுப்பி டனலை உயிரோடு வைக்கும்). இது விட்டுப்போனால், லைன் சும்மா கிடந்த பிறகு தலைமையிலிருந்து கால் போகாது. கிளையில் யாராவது டயல் செய்ததும் தானாகச் சரியாகும்!

படி 3: இரண்டு ஃப்ரீபிபிஎக்ஸிலும் ட்ரங்க்ஸ் பக்கத்தில் பிஜேசிப் ட்ரங்க் (எதிர்ப்பக்க பிபிஎக்ஸுக்கான சிப் இணைப்பு) போடுங்கள். ஆதென்டிகேஷன், ரெஜிஸ்ட்ரேஷன் இரண்டும் 'நன்'. சிப் சர்வர், எதிர்ப்பக்க பிபிஎக்ஸின் ஐபி. கான்டெக்ஸ்ட் 'ஃப்ரம்-பிஎஸ்டிஎன்' என்றிருக்கும், 'ஃப்ரம்-இன்டர்னல்' ஆக்குங்கள். அவுட்பவுண்ட் ரூட்டில் டயல் பேட்டர்ன், தலைமையில் 3XX, கிளையில் 2XX (X என்றால் எந்த இலக்கமும்). இன்ட்ரா-கம்பெனி டிக் அவசியம். ஃபயர்வாலில் எதிர் சப்நெட்டை (எதிர்ப்பக்க ஐபி வரிசையை) டிரஸ்டட் ஆக்குங்கள்.

இதில் ஒரு வில்லங்கம்: இப்போது கிளைக்காரர் உங்கள் வெளி லைனிலும் கால் போடலாம். இந்தியாவில் வெளி லைனையும் இணையக் காலையும் இப்படிக் கலக்கத் தொலைத்தொடர்பு விதிகளில் கட்டுப்பாடு உண்டு. வெளி லைன் ரூட்டின் டயல் பேட்டர்னில் காலர் ஐடி கட்டத்தில் 2XX போட்டால் உள்ளூர் எக்ஸ்டென்ஷன் மட்டுமே அதைத் தொடும். கிளையில் 3XX.

மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறதா? பெரும்பாலும் லோக்கல் நெட்வொர்க்ஸ்தான். ஆஸ்டரிஸ்க் சிப் செட்டிங்ஸில் எதிர் சப்நெட்டைச் சேர்க்காவிட்டால், 'குரலை இங்கே அனுப்பு' என்று பிபிஎக்ஸ் தன் பொது ஐபியைச் சொல்லும். குரல் டனலை விட்டு வெளியே போய்த் தொலையும். தலைமையில் 192.168.20.0/24 சேர்த்து, ஆஸ்டரிஸ்க்கை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கிளையிலும் அப்படியே, 192.168.10.0/24 சேர்த்து.

ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) ஒரு காலுக்கு, வயர்கார்டு சுமையும் சேர்த்து, ஒவ்வொரு திசையிலும் சுமார் 110 கேபிபிஎஸ். அப்லோடைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஒரு பக்கம் ஃப்ரீபிபிஎக்ஸ் இல்லாமல் பழைய அனலாக் ஈபிஏபிஎக்ஸ்தானா? வெளி லைன் செருகும் அதன் லைன் போர்ட்டில், விஓஐபி கேட்வேயின் (அனலாக் லைனைச் சிப்பாக மாற்றும் பெட்டி) எஃப்எக்ஸ்எஸ் போர்ட்டை (டயல் டோன் தரும் பக்கம்) செருகுங்கள். எஃப்எக்ஸ்ஓவை (டயல் டோனை எதிர்பார்க்கும் பக்கம்) செருகினால் டயல் டோனே வராது.